குதிகால் நனையவில்லை: பெருமையைக் கண்டுபிடித்துக் களைய ஒரு வழிகாட்டி

சென்னை மண்ணடியில் எங்கள் தெருப் பள்ளிவாசலில், கை கால் கழுவும் தொட்டியான ஹவுளின் ஓரம் எப்போதும் வழுக்கும். அன்று மாலை அசர் தொழுகைக்கு இகாமத் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) சொல்ல இரண்டு நிமிடம்தான் இருந்தது. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் உளூவை அவசரமாகச் செய்துவிட்டு எழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் கடைக்கு மூட்டை இறக்க வருபவரின் மகன். "மாமா, குதிகால் நனையவில்லை" என்றான்.

நான் குனிந்து பார்க்கவே இல்லை. "எல்லாம் நனைந்துவிட்டது, நீ உன் காலைப் பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இரண்டாவது சஃபில் (வரிசையில்) நின்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய பிறகு, வலது குதிகால் விரிப்பில் ஈரமாக ஒட்டியது. இடது குதிகால் ஒட்டவில்லை. பையன் சொன்னது சரி. அப்போதே வெளியே வந்து காலைக் கழுவியிருக்க வேண்டும். வந்தால் அவன் பார்த்துவிடுவானே என்று, செல்லாது என்று தெரிந்த தொழுகையை நான்கு ரக்அத்தும் (சுற்றும்) நின்று முடித்தேன். பிறகு கடைக்குப் போய், பின்கட்டுக் குழாயில் கால் கழுவி, மறுபடி தொழுதேன்.

குதிகால் பற்றிய நபிமொழி எனக்குத் தெரியாதது அல்ல. ஒரு பயணத்தில், அதுவும் அசர் நேரத்தில்தான், தோழர்கள் அவசரத்தில் கால்களைத் தண்ணீரால் தடவி மட்டும் விட்டபோது, "குதிகால்களுக்கு நரக நெருப்பின் கேடு உண்டு" என்று நபி (ஸல்) அவர்கள் உரத்த குரலில் இரண்டு மூன்று முறை சொன்னதாக புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன்தான் நான். அன்று தவறியது உளூ மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அந்த மாலைக்குப் பிறகு எனக்கு நானே வகுத்துக்கொண்ட முறை இது. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல, கடைக்காரன். குர்ஆனிலும் ஹதீஸிலும் தெளிவாக உள்ளதை எடுத்து, எங்கள் தெருவில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: எது பெருமை, எது இல்லை

தமிழில் "பெருமை" இரண்டு பக்கமும் போகிற சொல். மகள் பட்டம் வாங்கினால் பெருமையாக இருக்கிறது என்கிறோம். அண்டை வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பெருமை பிடித்தவர் என்கிறோம். முதலாவது வெறும் மகிழ்ச்சி. அதில் குற்றம் தேட வேண்டாம். அரபியில் கிப்ர் என்பது இரண்டாவது. ஆணவம் என்ற சொல் இன்னும் பொருந்தும், ஆனால் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) பெருமை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அணுவளவு பெருமை உள்ளத்தில் இருப்பவர் சொர்க்கம் நுழைய மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குக் கவலை வந்துவிட்டது. தன் ஆடை அழகாக இருக்க வேண்டும், காலணி அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறாரே, அதுவும் பெருமையா என்று கேட்டார். நல்ல கேள்வி, அவர் கேட்டிராவிட்டால் நாம் இன்று கிழிந்த சட்டையைப் பணிவு என்று சொல்லிக்கொண்டிருப்போம். வந்த பதில்: அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான்; பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்து முஸ்லிம் நூலில் உள்ள ஹதீஸ் இது.

ஆக, வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்கும் அத்தருக்கும் தடை இல்லை. பெருநாளுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் அலைந்து துணி எடுப்பதற்கும் இல்லை. பணம் இருந்தால்தான் பெருமை வரும் என்பதும் இல்லை. மறுமையில் அல்லாஹ் பேசாத மூவரில் ஒருவராக "பெருமையடிக்கும் ஏழை" எண்ணப்படுகிறார்.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டே. உண்மை வந்தபோது என்ன செய்தேன்? அதைக் கொண்டுவந்தவரை என்னவாக நினைத்தேன்? ஹவுள் ஓரத்தில் நான் சொன்ன அந்த ஒற்றை வரியில் இரண்டும் இருந்தன. பையன் இடத்தில் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி உட்கார்ந்திருந்து அதையே சொல்லியிருந்தால் உடனே காலை நீட்டியிருப்பேன்.

இரண்டாம் படி: உங்கள் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்

முதல் மனிதர் ஆதமுக்குப் பணிய மறுத்த ஷைத்தானான இப்லீஸ் நாத்திகன் அல்ல. அல்லாஹ்வோடு நேரில் பேசுகிறான், அவகாசம்கூடக் கேட்டு வாங்குகிறான். அவன் விழுந்தது ஓர் ஒப்பீட்டில்: "நான் அவரைவிட மேலானவன்; என்னை நெருப்பால் படைத்தாய், அவரைக் களிமண்ணால் படைத்தாய்" (குர்ஆன் 7:12). இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். "நான் மேல், ஏனென்றால் என்னிடம் இது இருக்கிறது, அவரிடம் அது இருக்கிறது." காரணம் சொல்லாத ஆணவம் இல்லை. மூஸா நபி காலத்துச் செல்வந்தன் காரூனும் காரணம் சொன்னான்: என் அறிவினால்தான் இந்தச் செல்வம் எனக்குக் கிடைத்தது என்று (28:78). அவனும் அவன் வீடும் பூமிக்குள் போனதைச் சில வசனங்கள் தள்ளிப் படிக்கலாம்.

ஒரு தாளை எடுத்து உங்கள் வாக்கியத்தை நிரப்புங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, பெருமை எதை வைத்து வரும் என்று ஏழு சொல்கிறார்: கல்வி, வணக்கம், குலம், அழகு, உடல் வலிமை, செல்வம், ஆள்பலம். எனக்கு அழகும் வலிமையும் தொந்தரவு தரவில்லை. மற்ற ஐந்தையும் மண்ணடியில் வைத்துப் பார்க்கலாம்.

குலத்தை எடுத்துக்கொள்வோம். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, தக்னி என்று பெயர் சொல்வதில் தவறு இல்லை. ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கினோம் என்று குர்ஆனே சொல்கிறது (49:13). அதே வசனம், உங்களில் கண்ணியம் மிக்கவர் இறையச்சம் மிக்கவரே என்று கணக்கை முடித்தும் விடுகிறது. நாம்தான் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். சம்பந்தம் பேசும்போது "அவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால்..." என்று இழுக்கிறோமே, அந்த "ஆனால்" எந்த ஏட்டிலிருந்து வந்தது? எந்த ஊர், வீட்டில் உருதுவா தமிழா, காயல்பட்டினமா கீழக்கரையா என்பதெல்லாம் இந்த வகைதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வட சென்னை என்றதும் தெற்கே சிலர் முகம் மாறுவதைப் பார்த்து நமக்குக் கொதிக்கிறது. அப்படிக் கொதித்துவிட்டு வந்து, பீகாரிலிருந்து பிழைக்க வந்து மூட்டை தூக்கும் இளைஞனை "ஏய்" என்று கூப்பிடுகிறோம். இழிவுபடுத்தப்பட்டவருக்குப் பிறரை இழிவுபடுத்தும் நோய் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

நபித்தோழர் அபூதர் (ரலி) போன்றவருக்கே ஒருமுறை நாக்குப் பிசகியது. ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். "உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் இருக்கிறது" என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இஸ்லாத்தின் தொடக்க நாட்களில் வந்து சேர்ந்தவர், எளிமைக்குப் பெயர் பெற்றவர். அவரிடம் அது ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

வணக்கத்தால் வரும் பெருமைதான் எனக்குப் பயம் தருவது. அதிகாலை ஃபஜ்ரு தொழுகை முடித்து வெளியே வரும்போது, ஷட்டர் இறக்கிய கடை வாசலில் படுத்திருப்பவரைப் பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறது. தொழாத குற்றம் அவருடையதாக இருக்கலாம். அந்தப் பார்வை என்னுடையது.

ஆள்பலம் என்றால் படை பரிவாரம் என்று நினைத்திருந்தேன். இப்போது "எங்கள் அமைப்பு", "எங்கள் ஜமாஅத்", வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி என்று அது வருகிறது.

மூன்றாம் படி: கன்னம், நடை, குரல்

பெருமை உள்ளத்தில் இருப்பது. அங்கே போய்ப் பார்ப்பது கடினம். குர்ஆன் சொல்லும் ஞானி லுக்மான் தன் மகனுக்கு அறிவுரை சொல்லும்போது உடம்பைக் காட்டுகிறார் (31:18, 19). மக்களிடமிருந்து கன்னத்தைத் திருப்பாதே. பூமியில் செருக்காக நடக்காதே. நடையில் நிதானம் வை, குரலைத் தாழ்த்து. குரல்களில் வெறுப்பானது கழுதையின் குரல்.

கன்னத்தைத் திருப்புவதற்கு அங்கே வரும் அரபுச் சொல்லின் வேரைப் பற்றி விரிவுரையாளர்கள் சொல்வது சுவையானது. ஒட்டகத்துக்கு ஒரு நோய் வந்து கழுத்துக் கோணிக்கொள்ளுமாம். அந்த நோயின் பெயர் அது. இப்போதெல்லாம் நமக்குக் கழுத்துப் பக்கவாட்டில் கோணுவதில்லை, கீழே கோணுகிறது. எதிரில் கூலி கேட்டு ஒருவர் நிற்க, கைபேசியைத் தேய்த்துக்கொண்டே "சொல்லு, சொல்லு" என்கிறோம். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் நான்கு பேர். வாடிக்கையாளர் ஒருவரும் அந்த நான்கில் இல்லை.

இதற்கு நான் செய்வது எளிது. யார் வந்து நின்றாலும் கைபேசியைக் கல்லாவின் மேல் திரை கீழாகக் கவிழ்த்துவிடுகிறேன்.

நடைக்கு சலாம் உதவும். வாகனத்தில் இருப்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டம் பெரிய கூட்டத்துக்கும் சலாம் சொல்ல வேண்டும் என்று ஹதீஸ் இருக்கிறது. உயரத்தில் இருப்பவர் முதலில் இறங்கி வரட்டும் என்பதாகவே நான் புரிந்துகொள்கிறேன். 2019-இல் மெட்ரோ வந்த பிறகும் மண்ணடித் தெருக்கள் அகலமாகிவிடவில்லை. ஸ்கூட்டரில் வரும் நான், எதிரே மீன்பாடி வண்டி ஓட்டிவரும் பாய்க்கு ஹாரன் அடிப்பதா, சலாம் சொல்வதா? என்ன சொன்னாலும் அங்கே நிற்கத்தான் வேண்டும்.

சிறியவர்தான் பெரியவருக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஹதீஸ் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் சலாமுக்குக் காத்திருக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களைக் கடந்து போகும்போது தாமே சலாம் சொன்னதை அனஸ் (ரலி) பார்த்திருக்கிறார்.

நான்காம் படி: தவறு சுட்டப்படும் நொடி

மற்ற படிகளெல்லாம் இந்த நொடிக்கான பயிற்சிதான். யாராவது "இது தவறு" என்றவுடன் மார்பில் ஒரு சூடு ஏறும். அதைத் தடுக்க முடியாது. மறுமையில் அதற்குக் கேள்வி இருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. அதற்கு அடுத்து வாயிலிருந்து வருவதுதான் கணக்கு.

முதலில் வாயை மூடுங்கள். பிறகு காலைப் பாருங்கள். ஹவுள் ஓரத்தில் நான் செய்யாதது இதுதான். சுட்டிக்காட்டியது பில்லாக இருந்தால் பில்லைப் பாருங்கள், ஓதியதில் பிழை என்றால் முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை)த் திறந்து பாருங்கள். பார்ப்பதற்கு முன் மறுக்கக் கூடாது. சரியாக இருந்தால் "சரி" என்ற ஒரு சொல் போதும். "சரிதான், ஆனால் நீ சொன்ன விதம்" என்று தொடங்கினீர்களானால் மறுபடி மேலே ஏறிக்கொள்கிறீர்கள்.

விதம் கெட்டுப்போயிருந்தாலுமா? ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கொடுத்த கடனைக் கேட்டு வந்தார், கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர்மேல் பாயப் பார்த்தார்கள். "விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு" என்று சொல்லி, அவர் கொடுத்ததைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். கடுமையும் உண்மையும் ஒரே வாயிலிருந்து வரும்போது உண்மையை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. இடது கையால் சாப்பிட்ட ஒருவரிடம் வலது கையால் சாப்பிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். "என்னால் முடியாது" என்றார். "உம்மால் முடியாமலே போகட்டும்" என்றார்கள். அவரைத் தடுத்தது பெருமை மட்டுமே என்று ஹதீஸ் சொல்கிறது; அதன்பின் அந்தக் கை வாய்க்கு உயரவில்லை. அவர் இறைமறுப்பு எதுவும் பேசவில்லை. என்னைப் போல, "நனைந்துவிட்டது" என்று சொன்னது மாதிரிதான்.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்ததைக் கண்டித்து குர்ஆனின் அபஸ சூரா (அத்தியாயம்) இறங்கியது. அவருக்குச் சுளிப்புத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தம்மைக் கண்டித்த அந்த வசனங்களை அவர்களே மக்களுக்கு ஓதிக் காட்டினார்கள். இன்றும் எல்லாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் ஓதுகிறோம்.

ஐந்தாம் படி: கையை வேலையில் இறக்குங்கள்

யோசித்துக்கொண்டே இருந்தால் பணிவு வராது. கை அழுக்காக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்றார் அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி). ஆட்டுக்காலுக்கு அழைத்தாலும் போவேன் என்று அவர்கள் சொன்னதும் உண்டு. அன்று அது எளியவர் வீட்டுப் பண்டம். பாயா விற்கிற இன்றைய விலையில் அந்த உவமையின் வேகம் நமக்குப் பிடிபடாது. ரசம் சோறு என்று வைத்துக்கொள்ளலாம். கடைப் பையன் தன் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால், உறை கொடுத்தனுப்பாமல் வியாசர்பாடியில் மாடிப்படி ஏறிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அபூதர் (ரலி) கதைக்குத் திரும்பலாம். மஃரூர் என்பவர் அவரை ரபதா என்ற ஊரில் பார்த்தபோது, அவரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள். காரணம் கேட்கப்போய்த்தான் அந்தப் பழைய நிகழ்ச்சியே வெளியில் வந்தது. உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதைக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அன்று சொல்லியிருந்தார்கள்.

ரமலான் கடைசியில் துணிக்கடையில் நான் வழக்கமாக ஒன்று சொல்வேன்: "கடைப் பையன்களுக்கு ஐந்து சட்டை, அந்த அடுக்கிலிருந்து காட்டுங்கள்." விற்பனையாளருக்கு எந்த அடுக்கு என்று சொல்ல வேண்டியதே இல்லை. அவர் கை தானாகவே கீழ்த்தட்டுக்குப் போகும். இந்த வருடம் என் மகனுக்கு எடுத்த அடுக்கிலிருந்தே ஐந்தும் எடுத்தேன். செலவு கூடியது. அதைவிட, பெருநாள் அன்று மகனும் கடைப் பையனும் ஒரே சட்டையில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் சங்கடமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண் இறந்தபோது, பெரிய விஷயமில்லை என்பதுபோல் நபி (ஸல்) அவர்களுக்குச் சொல்லாமல் அடக்கிவிட்டார்கள். அவர்கள் விசாரித்து, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கபுருக்கே (அடக்கத்தலத்துக்கே) போய்த் தொழுதார்கள். உங்கள் பள்ளிவாசலில் ஹவுளைக் கழுவுபவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது, பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆறாம் படி: ஒப்பிடாமல் இருக்க முடியாவிட்டால்

மனம் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். கஸ்ஸாலி அதற்கு வழி சொல்கிறார். சிறுவனைப் பார்த்தால், இவன் என் அளவு பாவம் செய்யவில்லை என்று நினை. முதியவரைப் பார்த்தால், எனக்கு முன்பே வணங்கத் தொடங்கியவர் என்று நினை. படித்தவருக்கு எனக்குக் கிடைக்காதது கிடைத்திருக்கிறது; படிக்காதவர் தெரியாமல் தவறுகிறார், நான் தெரிந்தே தவறுகிறேன். இறைமறுப்பாளரானாலும் அவருடைய முடிவு நல்லதாகலாம், என்னுடையது கெட்டுப்போகலாம்.

ஏழாம் படி: போலிப் பணிவும் பயமும்

"நான் ஒன்றுமில்லாதவன்" என்று மேடையில் சொல்லிவிட்டு, யாராவது "ஆமாம்" என்றால் முகம் சிவக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புகழ்ந்த ஒருவரிடம், "உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீர்" என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். புகழ்ந்தே ஆக வேண்டுமானால், நான் இப்படி நினைக்கிறேன், கணக்குப் பார்ப்பவன் அல்லாஹ் என்று சொல்லச் சொன்னார்கள். நமது நிக்காஹ் மேடை வரவேற்புரைகளை இந்த அளவில் சுருக்கினால் திருமண விருந்தான வலிமாச் சோறு ஆறாமல் கிடைக்கும்.

இன்னொரு பக்கம், பணிவு என்ற பெயரில் அடங்கிப் போகச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். கூலி பாக்கியைக் கேட்பவர் பெருமை பிடித்தவர் அல்ல. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவரும் அல்ல. எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடம் மென்மையாகப் பேசும்படி மூஸாவுக்கும் ஹாரூனுக்கும் அல்லாஹ் சொன்னான் (20:44). மென்மை சொல்லில் இருக்க வேண்டியது. பனூ இஸ்ராயீலை (இஸ்ரவேல் மக்களை) எங்களோடு அனுப்பு, அவர்களை வதைக்காதே என்ற கோரிக்கையில் ஒரு சொல்லும் குறையவில்லை (20:47).

எட்டாம் படி: திரும்பிப் போய்ச் சொல்வது

மன்னிப்பை அல்லாஹ்விடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது சுகமாக இருக்கும். எனக்கு ஒன்பது நாள் அந்தச் சுகம் தேவைப்பட்டது. யாரிடம் தவறினோமோ அவரிடம், தவறிய இடத்திலேயே, சுற்றி இருப்பவர்கள் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ய அவ்வளவு நாள் ஆனது. மூட்டை இறக்கும் அவன் தந்தையிடம் சொல்லி அனுப்பலாமே என்றும் யோசித்தேன். அதுவும் ஒரு தப்பித்தல்தான்.

பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. ஹவுளைச் சுற்றி இடமில்லை. பையன் தூணோரம் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தம்பி, அன்றைக்கு நீ சொன்னது சரி. குதிகால் நனையவில்லை. நான் பார்க்காமலே உன்னைத் திட்டிவிட்டேன்" என்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து முதலில் என் இடது காலைப் பார்த்தான், பிறகு வலது காலை.

"இன்றைக்கு நனைந்திருக்கிறது, மாமா" என்றான்.